குறுக்கே ஓடும் ரத்தக்குழாயும் சிறுநீரக அடைப்பும்: எந்தச் சிகிச்சை யாருக்கு?

ஸ்கேன் அறிக்கையில் ‘பி.யு.ஜே. அடைப்பு’, அதாவது சிறுநீரகத்திலிருந்து நீர் இறங்கும் வாசலில் அடைப்பு, என்று எழுதி வந்ததும் வீட்டில் பேச்சு இரண்டு கேள்விகளுக்குத் தாவிவிடுகிறது. திறந்து செய்வதா, துளை போட்டுச் செய்வதா? நாகர்கோவிலிலேயே முடித்துக்கொள்வதா, திருவனந்தபுரம் போவதா? இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அடைத்திருக்கும் இடத்தின் குறுக்கே ரத்தக்குழாய் ஏதாவது போகிறதா? இதற்கு விடை தெரிந்தால் சிகிச்சைப் பட்டியலில் ஒன்றிரண்டு தானாகவே கழன்றுவிடும். தெரியாமல் தேர்ந்தெடுத்தால், நல்ல கை செய்த வேலைகூட ஓராண்டு, ஈராண்டில் மறுபடி அடைத்துக்கொள்ளலாம்.

அடைப்பு எப்படி உண்டாகிறது

சிறுநீரகம் வடிகட்டிய நீர் பெல்விஸ் என்ற சிறிய பையில் சேர்ந்து, அங்கிருந்து யூரெட்டர் என்னும் சிறுநீர்க்குழாய் வழியாக மூத்திரப்பைக்கு இறங்குகிறது. பெரியவர்களுக்கு அந்தக் குழாயின் நீளம் ஏறக்குறைய 25 செ.மீ. பெல்விஸும் யூரெட்டரும் சேரும் வாசலைத்தான் மருத்துவர்கள் பி.யு.ஜே. என்கிறார்கள். அந்த வாசல் அடைபட இரண்டு வழி உண்டு. ஒன்று, வாசலின் சுவரிலேயே குறை: பிறவியிலேயே தசைநார்கள் சரியாக அமையாததால் அந்தத் துண்டு சுருங்கி விரிந்து நீரைத் தள்ளாது. மற்றொன்று, வெளியிலிருந்து வரும் தடை: சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய், பெரும்பாலும் தமனியும் சிரையும் சேர்ந்தே, வாசலின் முன்பக்கமாகக் குறுக்கே ஓடுவது.

கூடுதல் தமனி இருப்பது நோயல்ல. பத்துப் பேரில் ஏழு பேருக்குச் சிறுநீரகத்துக்கு ஒரே தமனி. மற்றவர்களுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு தொல்லையும் வராது. ஆனால் பி.யு.ஜே. அடைப்போடு வரும் பெரியவர்களிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் தேடிப் பார்த்தால், கால்வாசி முதல் பாதிப் பேர் வரை இப்படிக் குறுக்கே ஓடும் ரத்தக்குழாய், சுருக்கமாகக் குறுக்குக் குழாய், தென்படுகிறது. கருவிலேயே ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் தெரிந்து பிறந்த கைக்குழந்தைகளிடம் இது குறைவு. அவர்களுக்கு வாசலின் சுவர்க் குறைதான் பெரும்பாலும் காரணம். ஆக, நோயாளியின் வயதே முதல் துப்பு.

ரத்தக்குழாய்தான் அடைப்புக்குக் காரணமா, அது வெறுமனே அங்கே கிடக்கிறதா என்பதில் மருத்துவர்களுக்குள் நெடுநாளாக வாதம் உண்டு. இரண்டும் நடக்கிறது என்பதே சரியான விடை. சிலருக்கு வாசல் சுவர் நன்றாகவே இருக்கும். நீர் அதிகமாக வந்து பெல்விஸ் உப்பும்போது மட்டும் அது ரத்தக்குழாயின் மேல் சரிந்து மடிந்துவிடும். வாழைத்தோட்டத்தில் நீர் பாய்ச்சும் ஓஸ் ஓரிடத்தில் மடிந்தால் எப்படி நிற்குமோ அப்படி நின்றுவிடும். வேறு சிலருக்கு வெளியில் ரத்தக்குழாயும் உண்டு, உள்ளே சுருக்கமும் உண்டு. பல ஆண்டு உரசலில் நல்ல சுவரும் தழும்பேறிப் போவதுண்டு. எந்த அறுவை போதும் என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

குறுக்குக் குழாய்தான் காரணம் என்றால் வலி விட்டுவிட்டு வரும். விருந்தில் சாப்பிட்டு நிறையத் தண்ணீர் குடித்த பிறகோ, நாலைந்து இளநீர் குடித்த பிறகோ ஒரு பக்க விலாவில் பிடித்திழுக்கும் வலி, கூடவே வாந்தி. சில மணி நேரத்தில் தானாக விட்டுவிடும். போலந்து நாட்டு மருத்துவர் டீட்லின் பெயரால் இதை ‘டீட்ல் வலி’ என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு விலாவில் என்று சொல்லத் தெரியாது. தொப்புளைச் சுற்றி வலி என்பார்கள். வாயு, கேஸ்ட்ரிக், பூச்சி என்று மாத்திரை மாறிக்கொண்டே இருக்கும். வலி விட்ட மறுநாள் ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமே இருக்காது.

அதனால் ஸ்கேன் எடுக்கும் நேரம் முக்கியம். வலி இருக்கும்போதே எடுக்க வேண்டும். மார்த்தாண்டமோ தக்கலையோ குழித்துறையோ, பக்கத்தில் எந்த ஸ்கேன் மையம் திறந்திருக்கிறதோ அங்கே போகலாம். முன்கூட்டியே மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால் அந்த நேரத்து அலைச்சல் குறையும். அறிக்கையில் பெல்விஸின் குறுக்களவு எத்தனை மி.மீ. என்று எழுதச் சொல்லுங்கள். ‘லேசான வீக்கம்’ என்ற சொல்லை வைத்து ஒன்றையும் ஒப்பிட முடியாது. வலி இல்லாதபோது 8 மி.மீ., வலியில் 30 மி.மீ. என்று இரண்டு தாள்கள் கையில் இருந்தால் அதுவே பெரிய சான்று.

ரத்தக்குழாயைக் கண்டுபிடிப்பது

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பழகிய கண் குழாயைப் பார்த்துவிடும். தெரிந்தால் நம்பலாம், தெரியவில்லை என்பதை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது.

தெளிவாகக் காட்டுவது, மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ. இங்கே அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த சாதாரண சி.டி. கே.யு.பி. படத்தைக் காட்டி, “சி.டி. எடுத்தாச்சு, ரத்தக்குழாய் ஒன்றும் சொல்லவில்லை” என்பார்கள். அது மருந்து செலுத்தாமல் எடுத்த படம். ரத்தக்குழாய் அதில் பிரிந்து தெரியாது. மருந்து செலுத்தி ஏறக்குறைய 25 முதல் 35 நொடிக்குள் தமனிக் கட்டம், அடுத்து சிரையும் சிறுநீரகத் திசுவும் நிறம் பெறும் கட்டம், சில நிமிடங்கள் கழித்து நீர் இறங்கும் கட்டம் என்று எடுக்க வேண்டும். படங்கள் ஒரு மி.மீ. அளவு மெல்லிய துண்டுகளாக இருக்க வேண்டும். குறுக்குத் தமனி இரண்டு, மூன்று மி.மீ. தடிமன்தான் இருக்கும், 5 மி.மீ. துண்டில் நழுவிவிடும். சீட்டில் ‘தமனிக் கட்டம் வேண்டும், பி.யு.ஜே.வில் குறுக்குக் குழாய் உண்டா’ என்று மருத்துவர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். கேள்வி எழுதியிருந்தால்தான் அறிக்கையில் பதிலும் வரும்.

மருந்து செலுத்தும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும், முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்தவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சைத் தவிர்க்க எம்.ஆர். யூரோகிராம் எடுக்கலாம், சிறு பிள்ளைகள் அசையாமல் படுக்க மயக்கம் தேவைப்படும்.

ஐசோடோப் ரீனோகிராம் ரத்தக்குழாயைக் காட்டாது. அது சொல்வது வேறு இரண்டு செய்தி: மொத்த வேலையில் இந்தச் சிறுநீரகம் எத்தனை சதவீதம் செய்கிறது, சிறுநீரைக் கூட்டும் லாசிக்ஸ் ஊசி போட்ட பின் தேங்கிய நீரில் பாதி வெளியேற எத்தனை நிமிடம் ஆகிறது. 10 நிமிடத்துக்குள் என்றால் அடைப்பில்லை, 20-க்கு மேல் என்றால் அடைப்பு, இடையில் என்றால் ஐயம். உடலில் நீர் வற்றியிருந்தாலோ மூத்திரப்பை நிரம்பியிருந்தாலோ அடைப்பில்லாதவருக்கும் வளைகோடு அடைப்புப் போலவே வரும். நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். இந்தச் சோதனைக்குச் செலுத்தும் மருந்துகளில், வேலை குறைந்துபோன சிறுநீரகத்துக்கு டி.டி.பி.ஏ.வைவிட ஈ.சி. அல்லது மேக்-3 நம்பத் தகுந்தது. முதல் ரீனோகிராம் எந்த மையத்தில், எந்த மருந்தில் எடுத்தீர்களோ அறுவைக்குப் பின் எடுப்பதையும் அங்கேயே எடுங்கள். திருநெல்வேலியில் ஒன்றும் திருவனந்தபுரத்தில் ஒன்றுமாக எடுத்தால் 38 சதவீதமும் 43 சதவீதமும் ஒப்பிடத்தக்க எண்கள் அல்ல.

சி.டி. ஆஞ்சியோ எல்லோருக்கும் தேவையா? தேவையில்லை. வயிற்றின் முன்பக்கமாகப் போய், வாசலை வெட்டித் திருத்தித் தைக்கும் பைலோபிளாஸ்டி செய்வது என்று முடிவாகிவிட்டால் குழாய் இருந்தால் அறுவை மேசையில் கண் முன்னால் நிற்கும். அதற்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். உள்ளிருந்து வெட்டும் எண்டோபைலாட்டமி செய்வதாக இருந்தால் கட்டாயம் வேண்டும். முதுகுப்பக்கம் திறந்து செய்வதாக இருந்தாலும் வேண்டும், ஏனென்றால் முன்னால் ஓடும் குழாய் பின்னாலிருந்து போகிறவருக்கு மறைந்துவிடும். குழாயை மட்டும் இடம் மாற்றும் அறுவைக்கு முன்பும் பார்த்துவிடுவது நல்லது.

காத்திருப்பதும் தற்காலிக வழிகளும்

வலியில்லை, காய்ச்சலில்லை, கல்லில்லை, சிறுநீரகத்தின் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் என்றால் அவசரப்பட வேண்டாம். கைக்குழந்தைகளில் பலருக்கு வீக்கம் தானாகவே வடிந்துவிடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், தேவைக்கேற்ப ரீனோகிராம் போதும். பங்கு 40-க்குக் கீழே போனாலோ, அடுத்தடுத்த சோதனையில் 5, 10 சதவீதம் இறங்கினாலோ காத்திருப்பதில் பொருளில்லை. குறுக்குக் குழாயால் விட்டுவிட்டு வலிக்கும் பிள்ளைக்கும் பெரியவருக்கும் இப்படிக் காத்திருப்பது பொருந்தாது. அந்தக் குழாய் தானாக விலகப் போவதில்லை. ஒவ்வொரு தாக்குதலும் சிறுநீரகத்தை அழுத்திவிட்டுத்தான் போகிறது.

யூரெட்டருக்குள் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைப்பதும், முதுகு வழியாக நெஃப்ராஸ்டமி குழாய் போடுவதும் காய்ச்சல், சீழ், கிரியேட்டினின் ஏற்றம் உள்ளவருக்கு உயிர் காக்கும் வேலை. அடைப்புள்ள சிறுநீரகத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் சி.டி., வெளியூர் என்று எதற்கும் நிற்காமல் அன்றே நீரை வெளியேற்ற வேண்டும். ஆனால் இவை மருந்தல்ல, அவகாசம் மட்டுமே. “ஸ்டென்ட் வச்சதும் வலி போச்சு, அப்படியே இருக்கட்டும்” என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அதன்மேல் உப்பு படிந்து கல்லாகி, எடுக்கவே தனி அறுவை தேவைப்படும். ஸ்டென்ட் உள்ளே இருக்கும்போது வாசலின் சுவர் தடித்துவிடுவதால், பின்னால் வரும் பைலோபிளாஸ்டியும் சற்றுக் கடினமாகும்.

எண்டோபைலாட்டமி: வெட்டுக்காயம் சிறிது, நிபந்தனை பெரிது

முதுகில் ஒரு சிறு துளை வழியாகவோ, கீழிருந்து சிறுநீர்ப்பாதை வழியாகவோ கருவியைச் செலுத்தி, சுருங்கிய வாசலை உள்ளிருந்து லேசராலோ கத்தியாலோ முழுத் தடிமனுக்கும் வெட்டி, வெளியே கொழுப்பு தெரியும்வரை பிளந்து, ஸ்டென்ட் வைத்து ஆறு வாரம் விடுவது இந்த முறை. வாசலைத் தைப்பதில்லை, ஸ்டென்டைச் சுற்றிச் சுவர் தானாக வளர்ந்து மூடும். மருத்துவமனையில் ஓரிரு நாள், வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம். கேட்க மிகவும் கவர்ச்சியானது.

குறுக்குக் குழாய் இருந்தால் இதில் இரண்டு சிக்கல். முதலாவது ரத்தக்கசிவு. குழாய் பெரும்பாலும் முன்பக்கமாகவோ உட்பக்கமாகவோ ஓடுவதால் வெட்டைப் பக்கவாட்டில், சற்றுப் பின்னோக்கி வைப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் குழாய் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வெட்டு தமனியில் பட்டால் ரத்தம் ஏற்றுவதோடு முடியாது. தொடை வழியாகப் போய் அந்தத் தமனியை அடைக்கும் எம்போலைசேஷன் தேவைப்படலாம். இந்த முறையை யார் பரிந்துரைத்தாலும், இரவில் ரத்தம் கசிந்தால் எம்போலைசேஷன் அந்த மருத்துவமனையிலேயே உண்டா, வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கல் இன்னும் அடிப்படையானது: உள்ளிருந்து எவ்வளவு அழகாக வெட்டினாலும் வெளியிலிருக்கும் குழாய் அங்கேயேதான் இருக்கும். பெல்விஸ் உப்பினால் மறுபடி அதன்மேல் மடியும். 1994-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் காங் குழுவினர் வெளியிட்ட முடிவுகளில், குறுக்குக் குழாய் இல்லாதவர்களில் 86 சதவீதம் பேருக்குப் பலன் நிலைத்தது. குழாய் இருந்தவர்களில் 42 சதவீதம் பேருக்குத்தான். குழாய் இருந்தும் நன்றாகிவிட்டவர்கள் உண்டு என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள், உண்மைதான். என்றாலும் 95 சதவீதத்துக்குப் பக்கத்தில் பலன் தரும் பைலோபிளாஸ்டி இருக்கையில், பாதிக்குப் பாதி வாய்ப்பைத் தேர்வதற்கு வலுவான காரணம் வேண்டும்.

அப்படியானால் எண்டோபைலாட்டமி யாருக்கு? சுருக்கம் 2 செ.மீ.க்குக் குறைவு, பெல்விஸ் மிகப் பெரிதாக உப்பவில்லை, சிறுநீரகம் ஓரளவு நன்றாக வேலை செய்கிறது, ஆஞ்சியோவில் குறுக்குக் குழாய் இல்லை. இந்த நான்கும் சேர்ந்தவருக்கு. முன்பு பைலோபிளாஸ்டி செய்து, தையல் இடம் தழும்பால் சுருங்கியவருக்கு இது மிகப் பொருத்தம். பலூனோடு சேர்ந்த வெட்டுக்கம்பியை எக்ஸ்ரே பார்த்தபடி விரிக்கும் முறையில் வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரியாது. குறுக்குக் குழாய் இருப்பவருக்கு அது கூடவே கூடாது.

பைலோபிளாஸ்டி: குழாயைத் தொடாமல் வாசலை மாற்றுவது

“அந்த நரம்பை வெட்டி எடுத்துவிட்டால் போதாதா?” என்று உறவினர்கள் கேட்பது இயல்பு. சிறுநீரகத் தமனிகள் ஒன்றோடொன்று இணையாதவை. கீழ்ப்பகுதிக்குப் போகும் தமனியை வெட்டினால் அந்தப் பகுதிக்கு வேறு ரத்த வழி கிடையாது. அது செத்துத் தழும்பாகும், பின்னாளில் ரத்த அழுத்தம் ஏறவும் கூடும். சிரைகள் உள்ளே இணைந்திருப்பவை; தேவைப்பட்டால் ஒரு சிரையைக் கட்டிவிடலாம். தமனியைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

ஆகவே குழாயை அதன் இடத்திலேயே விட்டு, சிறுநீர்ப் பாதையை மாற்றுகிறார்கள். 1949-ல் ஆண்டர்சனும் ஹைன்ஸும் விவரித்த முறை இன்றும் அதேதான். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பெருங்குடலை விலக்கி, யூரெட்டரைக் கண்டு, அதைப் பின்பற்றி மேலே போனால் வாசலும் அதன் முன்னால் ஓடும் குழாயும் தெரியும். குழாயைச் சுற்றியுள்ள நாரிழைகளை மட்டும் பிரித்து விடுவிக்க வேண்டும். இழுத்தாலும் நசுக்கினாலும் தமனி சுருங்கி, சிறுநீரகத்தின் கீழ்முனை வெளிறிவிடும். பிறகு வாசலை முழுவதுமாக வெட்டிப் பிரித்து, பின்னால் கிடந்த யூரெட்டரையும் பெல்விஸையும் குழாயின் முன்பக்கத்துக்குக் கொண்டுவருவார்கள். சுருங்கிய துண்டை நீக்கி, யூரெட்டரின் வெளிப்பக்கத்தை ஒன்றரை, இரண்டு செ.மீ. நீளம் கீறி அகலமாக்கி, பெல்விஸின் தாழ்வான இடத்தில் தைப்பார்கள். பெரியவர்களுக்கு 4-0, பிள்ளைகளுக்கு 5-0 அல்லது 6-0 கரையும் நூல். பின்பக்கத் தையல் முடிந்ததும் 6 அளவு டி.ஜே. ஸ்டென்ட், அதன்மேல் முன்பக்கத் தையல், பக்கத்தில் ஒரு வடிகுழாய். பெல்விஸுக்குள் கல் இருந்தால் தைக்கும் முன்பே எடுத்துவிடலாம்.

இதன் பெரிய நன்மை, காரணம் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் இரண்டும் ஒரே அறுவையில் தீர்ந்துவிடுவது. பழகிய கையில் 90 முதல் 95 சதவீதத்துக்கு மேல் பலன். குறுக்குக் குழாய் இருக்கிறது என்று தெரிந்த பெரியவருக்கு எங்கள் தேர்வு ஐயமின்றி இதுதான்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். யூரெட்டரின் மேல்பகுதிக்கு ரத்தம் உட்பக்கத்திலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்தை மழித்தாற்போல் சுத்தம் செய்தால் தைத்த முனை பட்டினி கிடந்து சுருங்கும். இழுத்துத் தைத்தாலும் சுருங்கும். முன்னால் கொண்டுவரும்போது யூரெட்டர் முறுக்கிக்கொண்டால் தையல் சரியாக இருந்தும் நீர் இறங்காது. ஸ்டென்டின் கீழ்முனை மூத்திரப்பைக்குள் போகாமல் யூரெட்டரிலேயே நின்றுவிட்டால் தையல் கசியும், எடுக்கவும் சிரமம். எல்லாவற்றையும்விட வருந்தத்தக்கது, முன்னால் இருந்த குழாயைப் பார்க்காமலே பின்பக்கமாக வாசலை மட்டும் தைத்துவிட்டு வருவது. மறு அறுவைக்கு வருகிறவர்களிடம் விட்டுப்போன குறுக்குக் குழாய் தெரிந்த காரணங்களில் ஒன்று.

திறந்தா, லேப்ராஸ்கோப்பா, ரோபோவா என்பது இதற்கு அடுத்த கேள்வி. மூன்றிலும் உள்ளே நடப்பது ஒரே அறுவை. பலனும் ஏறக்குறைய ஒன்றே. லேப்ராஸ்கோப் வழியாகச் செய்த பைலோபிளாஸ்டி 1993 முதல் மருத்துவ ஏடுகளில் பதிவாகி வருகிறது. வலி குறைவு, இரண்டு, மூன்று நாளில் வீடு, கனமான வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம். திறந்த அறுவை என்றால் ஆறு முதல் எட்டு வாரம். உள்ளே தைப்பது கடினமான கைவேலை என்பதால் லேப்ராஸ்கோப்பில் கருவியைவிட ஆள் முக்கியம். ரோபோ அந்தத் தையலை எளிதாக்குகிறது, செலவைக் கூட்டுகிறது. சிறு கைக்குழந்தைக்கு இரண்டு, மூன்று செ.மீ. வெட்டில் திறந்து செய்வதே பல இடங்களில் நல்ல வழி. மாதம் ஒன்றிரண்டு லேப்ராஸ்கோப் பைலோபிளாஸ்டி செய்கிறவர் பக்கத்தில் இல்லை, திறந்த முறையில் தேர்ந்தவர் பக்கத்தில் இருக்கிறார் என்றால், தழும்பை எண்ணி அவரை விட்டுப் போக வேண்டியதில்லை.

குழாயை மட்டும் மேலே நகர்த்துவது

வாஸ்குலர் ஹிட்ச் என்ற இந்த முறையை ஹெல்ஸ்ட்ரோம் 1949-ல் விவரித்தார். சாப்மன் பின்னால் திருத்தினார். வாசலை வெட்டுவதே இல்லை. குழாயை விடுவித்து, மேலே தூக்கி, தளர்ந்த பெல்விஸின் முன்சுவரை அதைச் சுற்றி மடித்து இரண்டு மூன்று தையல் போட்டு அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சிறுநீர்ப் பாதையில் தையலே இல்லாததால் கசிவில்லை. பெரும்பாலும் ஸ்டென்டும் வேண்டாம். அறுவை நேரமும் குறைவு. ஸ்டென்டை எடுக்கப் பிள்ளைக்கு இரண்டாம் முறை மயக்கம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை என்பது பெற்றோருக்குப் பெரிய நிம்மதி.

நிபந்தனை கடுமையானது. வாசல் சுவரில் குறை அறவே இருக்கக் கூடாது. பள்ளி வயதுப் பிள்ளை, விட்டுவிட்டு வரும் வலி, கருவில் வீக்கம் இருந்ததாகப் பதிவில்லை, பங்கு நன்றாக இருக்கிறது, சிறுநீரகத்தின் உள்கிளைகள் அதிகம் விரியவில்லை என்றால் நினைத்துப் பார்க்கலாம். அறுவையின்போது குழாயை விலக்கியதும் நரம்பில் நீரும் லாசிக்ஸும் செலுத்தி, உப்பிய பெல்விஸ் கண் முன்னே வடிகிறதா, யூரெட்டர் அலையலையாக நீரைத் தள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். வடியவில்லை என்றால் அங்கேயே முழு பைலோபிளாஸ்டிக்கு மாற வேண்டும். எனவே ஒப்புதல் படிவத்தில் இரண்டு அறுவையும் எழுதியிருக்க வேண்டும். இப்படித் தேர்ந்தெடுத்த பிள்ளைகளிடம் 90 சதவீதத்துக்கு மேல் பலன் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கு இது சரியல்ல. பெரியவர்களுக்கும் தயக்கத்தோடுதான் சொல்ல முடியும். பல ஆண்டு உரசிய சுவர் வெளியில் பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே தழும்பேறியிருக்கலாம்.

சிறுநீரகத்தின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே போய், வலியும் தொற்றும் தொடர்கிறது, மற்றது நன்றாக இருக்கிறது என்றால் எடுத்துவிடுவது பற்றிப் பேசலாம். அதற்கு முன் சில வாரம் நெஃப்ராஸ்டமி வைத்துப் பார்த்தால் சில சிறுநீரகங்கள் மீள்வதுண்டு. பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பைக் கொடுக்காமல் எடுக்கக் கூடாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் திட்டமிடும்போது

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தனியார் யூராலஜி பிரிவிலோ முதல் கருத்தைக் கேட்டு, சிறு பிள்ளை என்றால் குழந்தை அறுவை மருத்துவரிடமும் காட்டிவிடுவது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு. கேரளாவுக்குப் போகுமுன் அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுவிடுங்கள். திறந்த அறுவைக்கா லேப்ராஸ்கோப்புக்கா அனுமதி கேட்கிறார்கள், ஸ்டென்ட் எடுப்பது அதில் சேருமா என்பதையும் கேளுங்கள்.

தொழிலைப் பார்த்து நாள் குறிப்பது இங்கே உண்மையிலேயே உதவும். தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகில் போகிறவர் வாரக்கணக்கில் கரை திரும்ப மாட்டார். ஸ்டென்டோடு கடலுக்குப் போனால் காய்ச்சல் வந்தாலும் ஆளில்லை, எடுக்கும் நாளும் தவறிவிடும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்னமுட்டம் துறைமுகத்தில் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை தொடங்கிய வாரத்திலேயே அறுவை செய்தால், நான்கு முதல் ஆறு வாரத்தில் ஸ்டென்டையும் எடுத்துவிட்டு வலை இழுக்கும் வலுவோடு திரும்பலாம். பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு ரப்பர் இலையுதிரும் மாதங்கள் வசதி. பனை, தென்னை ஏறுகிறவர்கள் ஸ்டென்ட் எடுத்து, வெட்டிய தசை ஆறும்வரை ஏறவே கூடாது. பிள்ளைகளுக்கு மே விடுமுறை.

ஸ்டென்ட் இருக்கும் வாரங்களில் அடிக்கடி சிறுநீர் வருவதும், கழிக்கும்போது விலாவில் சுருக்கென்று இழுப்பதும், நடந்தால் சிறுநீர் சிவப்பதும் வழக்கமானவை. தண்ணீரைக் கூட்டி, ஓய்வெடுத்தால் அடங்கும். குளிர்காய்ச்சல், சிறுநீர் நின்றுபோவது, ரத்தக் கட்டிகள் வருவது, வயிறு உப்பிக் கடுமையாக வலிப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. ஸ்டென்ட் எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கி, வீட்டுக் காலண்டரிலும் குறித்துவிட வேண்டும்.

ஸ்டென்ட் எடுத்த பின் வரும் முதல் ஸ்கேனில் ‘வீக்கம் இன்னும் உள்ளது’ என்று இருந்தால் கலங்க வேண்டாம். பல ஆண்டு விரிந்த பெல்விஸ் சுருங்க மாதங்கள் ஆகும். சிலருக்கு முழுவதும் சுருங்குவதே இல்லை. மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுக்கும் ரீனோகிராம்தான் தீர்ப்பு: பங்கு குறையவில்லை, நீர் தடையின்றி இறங்குகிறது என்றால் அறுவை வெற்றி. தோற்பவை பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் தெரிந்துவிடும். எண்டோபைலாட்டமி செய்தவர்களுக்கு அதன் பிறகும் அடைப்பதுண்டு என்பதால் ஐந்தாண்டு வரை ஆண்டுக்கொரு ஸ்கேன் வேண்டும்.

மறுபடி வலி வந்தால், இரண்டாம் அறுவை பற்றிப் பேசுமுன் முதல் அறுவையின் குறிப்பை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்குங்கள். குறுக்குக் குழாய் இருந்ததா, யூரெட்டர் அதன் முன்னால் கொண்டுவரப்பட்டதா என்ற இரண்டு வரிகள் அதில் இருக்க வேண்டும். இருந்தால், சுருக்கம் தழும்பால் வந்தது. எண்டோபைலாட்டமி போதுமானதாக இருக்கலாம். அந்த வரிகள் இல்லை என்றால், இம்முறை தமனிக் கட்டத்தோடு சி.டி. எடுக்காமல் யாரும் உள்ளிருந்து வெட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள்.